புதிதாக வந்த சல்காட்டா ஆமைக்குட்டி சாப்பிட மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளங்கையில் அடங்கும் சல்காட்டா (ஆப்பிரிக்கத் தரை ஆமை) குட்டியை வாங்கி வந்தவர்கள் முதல் வாரத்தில் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "இலையைத் தொடவே மாட்டேங்குது, என்ன கொடுத்தால் சாப்பிடும்?" எனக்கும் அதே கவலை இருந்திருக்கிறது. பல வருடமாக தாம்பரம் பக்கம் மாடி வீட்டில் இந்த ஆமைகளை வளர்த்து வருகிறேன். என் அனுபவத்தில், சாப்பிடாத குட்டிக்குப் பத்தில் எட்டு தடவை சாப்பாட்டில் பிரச்சினை இருக்காது. சூடு போதாது, ஈரம் போதாது, அல்லது யாராவது அதை நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்த மூன்றையும் சரி செய்தால் வாய் தானாகத் திறக்கும். அதனால் கீழே சாப்பாடு பற்றிய பதில் கொஞ்சம் தள்ளித்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

வாங்கி வந்து மூன்று நாள் ஆகிறது, ஒன்றுமே சாப்பிடவில்லை. பயப்பட வேண்டுமா?

மூன்று நாளில் பயப்பட வேண்டாம். கடையிலிருந்து டப்பாவில் போட்டு, பைக்கில் குலுங்கி, புது வாசனை, புது வெளிச்சம் உள்ள இடத்துக்கு வந்திருக்கிறது. இயற்கையில் இந்த அளவுக் குட்டி எல்லாவற்றுக்கும் இரை. அசையாமல் ஒளிந்திருப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. இரண்டு மூன்று நாள், சிலது நான்கைந்து நாள் கூட அப்படி இருக்கும். முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன குட்டி என்றால் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும், அது முதல் நாட்களைத் தாங்கும்.

கவனிக்க வேண்டியது எடை. கிராம் காட்டும் ஒரு சமையலறைத் தராசு வாங்கி, வந்த அன்றே எடை போட்டு எழுதி வையுங்கள். அந்த ஒரு எண் கையில் இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து "இளைச்ச மாதிரி இருக்கு" என்று ஊகிக்க மட்டும்தான் முடியும்.

சரி, முதல் நாள் என்னதான் செய்வது?

குட்டி வருவதற்கு முன்பே பெட்டி தயாராக இருக்க வேண்டும், சூடும் ஈரமும் ஒரு நாள் முழுக்க நிலையாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். வந்தவுடன் இளஞ்சூடான தண்ணீரில் 20 நிமிடம் உட்கார வையுங்கள். பயணத்தில் இழந்த நீரை அப்போது குடிக்கும். அப்புறம் பெட்டியில், ஒளியும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் நறுக்கிய இலையையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அன்று போட்டோ வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம். ஒரு வாரம் வரை, தண்ணீரில் வைக்கவும் எடை போடவும் தவிர கையில் எடுக்காதீர்கள்.

கண்ணாடித் தொட்டி என்றால் வெளிப்பக்கம் மூன்று சுவருக்காவது பேப்பர் ஒட்டுங்கள். கண்ணாடி என்பது குட்டிக்குப் புரியாது, மூலையைப் பிறாண்டிக்கொண்டே நாளெல்லாம் நடக்கும், அந்த அலைச்சலிலேயே சாப்பிடாது.

"இது பாலைவன ஆமை, ஈரமே ஆகாது, காய்ந்த இடத்தில் வை" என்று கடையில் சொன்னார்களே?

என் முதல் குட்டி செத்ததே இந்த ஒரு பேச்சால்தான். வந்தபோது 34 கிராம். வாங்கிய கடையில் சொன்னபடி நியூஸ்பேப்பர் விரித்து, ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே வைத்தேன். தண்ணீர்த் தட்டு கூட வேண்டாம் என்றார்கள், வைக்கவில்லை. ஒன்பது நாள் சாப்பிடவில்லை. கண் உள்ளே போய்விட்டது. அதன் பிறகு நான் செய்தது எதுவும் பலிக்கவில்லை, மூன்றாவது வாரம் போய்விட்டது. இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அந்தக் குட்டிதான் காரணம்.

சல்காட்டா செனகல், மாலி, சாட், சூடான் என்று சஹாராவின் தெற்கு ஓரத்தில் வாழும் ஆமை, அது உண்மை. ஆனால் அந்த வறண்ட நிலத்தின் மேலே அது நாளெல்லாம் காய்ந்துகொண்டு கிடப்பதில்லை. பல அடி ஆழத்துக்கு வளை தோண்டி உள்ளே கிடக்கும், வளைக்குள் காற்று ஈரமானது. மழைக்காலத்தில்தான் மேலே வந்து மேயும். உலர்ந்த பெட்டியில் வைத்த குட்டி நாலு பக்கமும் திறந்த வெயிலில் கிடப்பது போல நீரை இழந்துகொண்டே இருக்கும். உடலில் நீர் குறைந்தால் குடல் மந்தமாகும், பசி போகும்.

ஓட்டில் கூம்பு கூம்பாக மேடு எழும்பிய சல்காட்டாவைப் பார்த்திருப்பீர்கள். ரொம்ப காலம் அதற்கு அதிகப் புரதம்தான் காரணம் என்றார்கள். வியன்னாவில் சல்காட்டா குட்டிகளையே வைத்துச் செய்து 2003ல் வெளியான ஆய்வில், உலர்ந்த சூழலில் வளர்ந்தவற்றுக்குத்தான் மேடு பெரிதாக வந்தது, புரதத்தின் பங்கு சிறியது என்று தெரிந்தது. அதனால் குட்டிக்கு 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் காற்றில் ஈரம் இருக்கட்டும். ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் சளி பிடிக்கும். ஈரத்தோடு வெதுவெதுப்பு இருந்தால் ஒன்றும் செய்யாது.

அந்த ஈரத்தை எப்படி வைத்திருப்பது? தரையில் என்ன போடுவது?

கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். நம்ம ஊரில் மலிவாகக் கிடைக்கும். கட்டியாக வாங்கி ஊறவைத்து, கையில் பிழிந்தால் சொட்டாமல் உதிரியாக நிற்கும் பதத்துக்குக் கொண்டு வந்து, மூன்று விரற்கடை உயரம் பரப்பி, மேல்பக்கம் லேசாக அழுத்திவிடுங்கள். செடிக்கு விற்கும் சில கட்டிகளில் உப்பு இருக்கும், இரண்டு தடவை அலசிக்கொள்ளுங்கள். மேல் மூடியில் பாதிக்கு மேல் மறைத்துவிட்டால் ஈரம் ஓடாது. ஒரு மூலையில் கவிழ்த்துப் போட்ட பாதி மண்சட்டி, அதற்குள் இன்னும் கொஞ்சம் ஈரமான நார்த்தூள். குட்டி அங்கேதான் போய் உடலைப் புதைத்துக்கொள்ளும்.

மணல் வேண்டாம், இலையோடு சேர்ந்து உள்ளே போனால் குடலை அடைக்கும்.

சென்னை வெயிலில் பல்ப் எல்லாம் போட வேண்டுமா?

மார்ச் முதல் செப்டம்பர் வரை, ஏசி இல்லாத அறையில், பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஆனால் ஊகிக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டரை பெட்டிக்குள், ஆமை நிற்கும் உயரத்தில் வையுங்கள். பகலில் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ், குட்டி போய் நின்று உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் ஒரு மூலை மட்டும் 35 முதல் 37, இரவில் 26க்குக் கீழே போகக் கூடாது. மார்கழி, தை இரவுகளில் சென்னையிலேயே 20, 21க்கு இறங்குகிறது, கோவை, ஓசூர் பக்கமெல்லாம் இன்னும் குறையும். அப்போது வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்று, அதோடு சூடு ஏறினால் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று கட்டாயம். சிவப்பு பல்பை இரவில் எரியவிடாதீர்கள், ஆமைக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், தூக்கம் கெடும்.

ஏசி அறையில் குட்டியை வைத்திருப்பவர்களிடம் இருந்துதான் "சாப்பிட மாட்டேங்குது" என்று அதிகம் கேட்கிறேன். 24 டிகிரி நமக்கு சுகம். அதற்கோ வயிற்றில் இருப்பதைச் செரிக்கக் கூட அந்தச் சூடு போதாது. ஏசி காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. குட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

தினமும் தண்ணீரில் வைக்க வேண்டுமா?

ஆமாம், முதல் வருடம் முழுக்க தினமும். சுவர் உயரமான பேசினில், மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடம் வரை தண்ணீர், தலை எப்போதும் மேலே இருக்கும்படி, 15 முதல் 30 நிமிடம். விரலை விட்டால் இளஞ்சூடாகத் தெரிய வேண்டும், ஆறினால் மாற்றுங்கள். பக்கத்திலேயே இருங்கள், கவிழ்ந்தால் அந்த ஆழத்திலேயே மூழ்கிவிடும். காலையில் செய்வது நல்லது: தண்ணீர் குடிக்கும், கழிக்கும், உடம்பு சூடாகும், பெட்டிக்குத் திரும்பியவுடன் இலை கண்ணில் பட்டால் கடிக்க வாய்ப்பு அதிகம். நான் பார்த்தவரை, முதல் வாயை பெரும்பாலான குட்டிகள் எடுத்தது இப்படி ஒரு காலைக் குளியலுக்கு அப்புறம்தான்.

பெட்டிக்குள்ளும் ஆழமில்லாத மண் தட்டில் தண்ணீர் இருக்கட்டும். நம்ம வீட்டு அகல் விளக்குத் தட்டு அளவே போதும்.

என்ன சாப்பாடு கொடுப்பது?

சல்காட்டா புல் மேயும் ஆமை. வளர்ந்த பிறகு முக்கால்வாசிக்கு மேல் புல்தான். குட்டிக்கு முரட்டுப் புல் கடிக்க வராது என்பதால் மெல்லிய இலைகளில் தொடங்கி, அருகம்புல்லைக் கத்தரியால் பொடியாக வெட்டிக் கலந்து பழக்க வேண்டும். பிள்ளையாருக்கு விற்கும் அருகம்புல் கட்டு வாங்கினால் நன்றாக அலசுங்கள், எங்கே பறித்தது என்று தெரியாது.

செம்பருத்தி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கொழுந்து இலையும் கொடுக்கலாம், பூவும் கொடுக்கலாம், சிவப்பு ஒற்றைச் செம்பருத்தியைக் கண்டால் ஓடி வராத குட்டியை நான் பார்த்ததில்லை. வீட்டுச் செடியாக இருக்கட்டும், நர்சரியில் புதிதாக வாங்கியதில் மருந்து இருக்கும், இரண்டு மூன்று மாதம் வளர்த்துப் புதிதாக விட்ட இலையைக் கொடுங்கள். கடைப் பூ, மாலைப் பூ வேண்டவே வேண்டாம். மல்பெரி இலை, திராட்சை இலை, சர்க்கரைவள்ளி இலை, பூசணிப் பூ, பூசணிக் கொழுந்து எல்லாம் நல்லது. முருங்கைக்கீரை வாரம் இரண்டு தடவை, மற்ற இலையோடு கலந்து.

சப்பாத்திக்கள்ளி மடல் அருமையான உணவு, நீரும் கால்சியமும் நிறைய. பெரிய முள்ளோடு, கண்ணுக்குத் தெரியாத பூமுள்ளையும் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டு நறுக்குங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நம்ம ஊரில் கள்ளி என்று பெயர் உள்ளதெல்லாம் ஒன்றல்ல. உடைத்தால் வெள்ளைப் பால் வடியும் கள்ளி எதுவாக இருந்தாலும் நஞ்சு. எருக்கு, அரளி, ஊமத்தை, நித்யகல்யாணி, குரோட்டன்ஸ் இவையும் அப்படித்தான். மாடியில் ஆமையை நடக்கவிடுபவர்கள் தொட்டிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கீரை விஷயத்தில் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். பசலை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எப்போதாவது கலந்தால் பாதகமில்லை, தினசரி அதுவே என்றால் ஓடு வளரும் வயதில் கால்சியம் குறையும். முட்டைக்கோஸும் அன்றாட உணவாகக் கூடாது. வாழைப்பழம், மாம்பழம், தர்பூசணி போன்ற இனிப்புப் பழம் இந்த ஆமையின் குடலுக்கு ஏற்றதில்லை. சோறு, பிரெட், பால், பன்னீர், நாய் பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

முகர்ந்து பார்க்கிறது, ஆனால் கடிக்காமல் திரும்பிப் போய்விடுகிறது.

முகர்ந்து பார்ப்பதே நல்ல சேதி. ஆர்வம் இருக்கிறது, தயக்கம் இன்னும் போகவில்லை. உயரமான கிண்ணத்தில் வைத்திருந்தால் எடுத்துவிட்டு, தட்டையான ஒரு கூரை ஓட்டுத் துண்டின் மேல் பரப்புங்கள். இலையை நனைத்துப் போடுங்கள், நீர்த்துளியோடு இருந்தால் வாசனை தூக்கும். செம்பருத்தி இதழைப் பிய்த்து மேலே தூவுங்கள், சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் கண்ணில் படும். மண்சட்டி வாசலிலேயே கொஞ்சம் வையுங்கள், ஒளிந்தபடியே கடிக்கலாம் அல்லவா. காலை பத்து மணி வாக்கில், உடம்பு சூடான பிறகு கொடுங்கள். விடிந்ததும் கொடுத்தால் குளிர்ந்த வாய் திறக்காது.

அதற்கு அப்புறம் நீங்கள் அங்கே நிற்காதீர்கள். மேலே ஒரு நிழல் ஆடினால் அதற்கு அது பருந்துதான். பலர் "சாப்பிடவில்லை" என்று சொல்வது "நான் பார்க்கும்போது சாப்பிடவில்லை" என்பதுதான். இலையை எண்ணி வையுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து ஓரத்தில் பிறைநிலா மாதிரி கடி இருக்கிறதா பாருங்கள்.

வாயைத் திறந்து ஊட்டவே கூடாது. தாடை மெல்லியது, மூச்சுக்குழாய்க்குள் போனால் போய்விட்டது.

கடையில் வெள்ளரியும் தக்காளியுமே தின்று பழகிவிட்டது, வேறு எதையும் தொடவில்லை.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வெள்ளரியைத் துருவி, அந்தச் சாற்றிலேயே நறுக்கிய இலையைப் பிசறி வையுங்கள். முதல் நாள் பாதிக்குப் பாதி, இரண்டு நாளைக்கு ஒரு தடவை வெள்ளரியைக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் மாறிவிடும். மசூரி (Mazuri) பிராண்டு போன்ற ஆமைத் தீவனம் கிடைத்தால் ஊறவைத்து வாரம் ஒன்றிரண்டு முறை கொடுக்கலாம், ஆனால் அதுவே சாப்பாடாகிவிடக் கூடாது.

கால்சியம், வெயில் பற்றிச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேளுங்கள், கணவாய் மீனின் ஓடுதான் அது. சுரண்டி வாரம் மூன்று தடவை ஒரு சிட்டிகை தூவலாம், ஒரு துண்டை அப்படியே பெட்டியிலும் போட்டுவைக்கலாம். அந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயிலில் உள்ள யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் அது வராது. காலை எட்டு மணிக்கு முன்னால் பின்னால் 20 நிமிடம் நேரடி வெயில் நல்லது. பாதி இடம் நிழலாக இருக்க வேண்டும், கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடத்தில் வெந்துவிடும், இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மேலே கம்பி வலை இல்லாமல் மாடியில் விடாதீர்கள். போன் எடுக்க உள்ளே போன நேரத்தில் காகம் தூக்கிப் போன கதை எங்கள் தெருவிலேயே நடந்தது. பூனை, எலி, பெருச்சாளி, செவ்வெறும்பு எல்லாம் இந்த அளவுக் குட்டிக்கு ஆபத்து. வெயில் வராத பிளாட் என்றால் நீள யூவிபி டியூப் லைட் வாங்குங்கள்.

தனியாக இருந்தால் பாவமாக இருக்கிறது, ஜோடியாக வைக்கலாமா?

வேண்டாம். இதுகளுக்குத் துணை தேவையில்லை. இரண்டில் ஒன்று மெல்ல மேலாதிக்கம் செய்யும், சண்டை போடாமல் கூட, பக்கத்தில் போய் நிற்பது, சாப்பாட்டின் மேல் உட்காருவது, அவ்வளவுதான். மற்றது சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கும். ஏற்கனவே இரண்டு வாங்கி ஒன்று மட்டும் தின்கிறது என்றால், இன்றே இன்னொரு பெட்டி ஏற்பாடு செய்யுங்கள்.

நாள் முழுக்கத் தூங்குகிறதே?

குட்டிகள் அப்படித்தான். எழுந்து, சூடாகி, தின்று, மறுபடி புதைந்துகொள்ளும். எடுத்தால் கால்களை உதறி, கண் திறந்து பார்த்தால் போதும்.

சிறுநீரில் வெள்ளையாக ஏதோ வருகிறது.

அது யூரேட் என்ற உப்புக் கழிவு, கெட்டித் தயிர் போல மென்மையாக இருந்தால் சாதாரணம்தான். விரலில் தேய்த்தால் மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் நீர் போதவில்லை, தண்ணீரில் வைப்பதை காலை மாலை இரண்டு வேளையாக்குங்கள்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

மூக்கில் குமிழ், வாயைத் திறந்து மூச்சு, வீங்கிய அல்லது ஒட்டிப்போன கண், கையில் எடுத்தால் தொளதொளவென்று தொங்கும் கால்கள்: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே. சூடும் ஈரமும் சரியாக இருந்தும் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடாமல் எடையும் இறங்கினால், அப்போதும் காத்திருக்காதீர்கள். நாய் பூனை மட்டும் பார்க்கும் டாக்டரை விட, ஊர்வன பார்த்துப் பழகியவரைத் தேடுங்கள், சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். பூச்சிக்கு ஐவர்மெக்டின் போடலாம் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கும் அந்த மருந்து ஆமையைக் கொன்றுவிடும்.

சட்டப்படி வைத்திருக்கலாமா? நட்சத்திர ஆமை மலிவாகக் கிடைக்கிறதாம்.

நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது குற்றம். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, 2019ல் வனஉயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்திலும், மிகக் கடுமையான முதல் இணைப்புக்குப் போய்விட்டது. மலிவாக வருவது பெரும்பாலும் காட்டில் பிடித்தது. கரிய ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்தால் அது நட்சத்திர ஆமை. சல்காட்டா குட்டி வெளிர் மஞ்சள், கட்டங்களின் ஓரம் மட்டும் பழுப்பு. ஏமாந்து வாங்கியிருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள், நீங்களாகக் கொண்டுபோய் எங்கேயாவது விடாதீர்கள்.

சல்காட்டா சைட்ஸ் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2022ல் திருத்திய சட்டமும் 2024ல் வந்த விதிகளும் சொல்வது, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று. வாங்கும்போதே பில்லையும் தாள்களையும் கேட்டு வாங்குங்கள்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று பாட்டி திட்டுகிறார்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. அத்தையோடு வாதாடவில்லை, தினமும் காலையில் செம்பருத்திப் பூவை அவர் கையால் வைக்கச் சொன்னேன். இப்போது பூ பறிக்க நான் மறந்தால் எனக்குத்தான் திட்டு. ஆனால் பெரியவர்களின் இன்னொரு தயக்கத்தில் நியாயம் உண்டு, ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதன் பேசினை சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அதை விடப் பாட்டியிடமும் வீட்டில் எல்லோரிடமும் பேச வேண்டியது, இது 50 கிலோவுக்கு மேல் வளரும், தரையைத் தோண்டும், எழுபது வருடத்துக்கு மேலும் வாழும் என்பதை. பிளாட்டில் எத்தனை வருடம் சமாளிக்க முடியும், அப்புறம் எந்தத் தோட்டம் என்று வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். வாங்கிவிட்டீர்கள் என்றால் இப்போதே யோசியுங்கள்.

நேற்று ஒரு செம்பருத்தி இதழைத் தின்றுவிட்டது! இனி என்ன?

சந்தோஷம். நாளையே பெட்டியை மாற்றி அலங்கரிக்க வேண்டாம், எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். அதே நேரம், அதே ஓட்டுத் துண்டு, அதே இதழ், கூடவே இரண்டு புது இலை. வாரம் ஒரு நாள், தண்ணீரில் வைக்கும் முன்பு எடை போடுங்கள். ஒரு வாரம் ஒரு கிராம் ஏறும், ஒரு வாரம் ஏறாமல் நிற்கும். மூன்று வாரக் கணக்கில் எடை மொத்தத்தில் ஏறியிருந்தால், அருகம்புல்லைப் பொடியாக வெட்டிக் கலக்க ஆரம்பிக்கலாம்.